பிணைதலும் கண்டறிதலும்: எரித்ரோபாய்டின் ஏற்பி எதிர்ப்பொருளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

செல் சவ்வில் அமைந்த ஏற்பிப் புரதங்களை அடையாளம் காண ஆய்வகங்களில் எதிர்ப்பொருள்கள் கருவியாகப் பயன்படுகின்றன. எதிர்ப்பொருள் ஒரு புரதத்துடன் பிணைந்தது என்பது நிகழ்ச்சி. அப்புரதம் இன்னது என்பது அந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படும் முடிவு. ஆய்வெழுத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படும்போது பிழை நேர்கிறது. எரித்ரோபாய்டின் ஏற்பியைப் புற்றுத் திசுக்களில் காட்டுவதாகக் கருதப்பட்ட சி-20 என்னும் எதிர்ப்பொருளின் வரலாற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. அவ்வெதிர்ப்பொருளைச் சார்ந்த முடிவுகளில் எவை நிலைக்கின்றன, எவை நிலைக்கவில்லை என்பது பகுத்துக் காட்டப்படுகிறது. ‘ஏற்பி எதிர்ப்பொருள்’ என்னும் தமிழ்த் தொடர் மறைத்து வைக்கும் வேற்றுமைப் பொருள் இச்சிக்கலை எவ்வாறு தெளிவாக்குகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்ப்பொருள், ஏற்பி, எரித்ரோபாய்டின், சரிபார்ப்பு, வேற்றுமைத் தொகை, அறிவியல் தமிழ்

முன்னுரை

உயிர்வேதியியல் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் படங்களுள் ஒன்று, வெளிறிய பின்புலத்தில் கருமையாகத் தெரியும் கிடைக்கோட்டுப் பட்டை. அதன் அருகே ஒரு புரதத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பட்டை ஆய்வகத்தில் தோன்றியது. பெயர் ஆய்வாளரால் இடப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை எதைக் கொண்டு கடந்தார் என்பதை ஆய்வாளர் கூறவேண்டும். பல கட்டுரைகளில் எதிர்ப்பொருளின் வணிகப் பெயரும் பட்டியல் எண்ணும் மட்டுமே அதற்கு விடையாக அமைகின்றன. புட்டியின் மேல் ஒட்டப்பட்ட பெயரே பட்டையின் பெயராகவும் மாறிவிடுகிறது.

இவ்வழக்கத்தால் நேரும் விளைவு ஆய்வகத்தோடு முடிவதில்லை. எரித்ரோபாய்டின் ஏற்பி தொடர்பான விவாதத்தில் புற்றுநோயாளர்க்கு ஒரு மருந்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்ற வினாவோடு அது பின்னிக்கிடந்தது. ஆதலின் இந்நிகழ்வை ஒரு தொழில்நுட்பப் பிழையாக மட்டும் கருதாமல், சான்று என்பது எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு எழுதப்படுகிறது என்ற கோணத்தில் அணுகுவது பொருத்தமுடையது.

1. கருவியாக மாறிய எதிர்ப்பொருள்

விலங்கின் உடல், தனக்கு அயலான மூலக்கூறு ஒன்றை எதிர்கொள்ளும்போது அதனோடு பிணையும் புரதங்களை உருவாக்குகிறது. அவையே எதிர்ப்பொருள்கள். இவ்வியல்பை ஆய்வாளர்கள் கருவியாக்கிக் கொண்டனர். ஒரு மனிதப் புரதத்தின் சிறு துணுக்கை முயலின் உடலில் செலுத்தினால், முயலின் குருதியில் அத்துணுக்கோடு பிணையும் எதிர்ப்பொருள்கள் தோன்றும். அவற்றைப் பிரித்தெடுத்துத் திசுவின்மேல் இட்டால், அத்துணுக்கு எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் அவை சென்று பற்றும் என்பது எதிர்பார்ப்பு.

முயலின் குருதியிலிருந்து இவ்வாறு பெறப்படுவது ஒரே வகை மூலக்கூறன்று. துணுக்கின் வெவ்வேறு இடங்களை வெவ்வேறு வலிமையுடன் பற்றும் பல எதிர்ப்பொருள்களின் கலவை அது. இதனைப் பாலிகுளோனல் எதிர்ப்பொருள் என்பர். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே செல்வழியில் தோன்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். இதற்காக 1984-இல் யெர்னேவுடன் நோபல் பரிசு பெற்றனர். மோனோகுளோனல் எனப்படும் இவ்வகை, ஒவ்வொரு முறையும் ஒரே மூலக்கூறு கிடைக்கும் என்ற உறுதியைத் தந்தது. ஆனால், அம்மூலக்கூறு தன் இலக்கை மட்டுமே பற்றும் என்ற உறுதியை அதுவும் தரவில்லை.

எதிர்ப்பொருள் பற்றுவது முழுப் புரதத்தையன்று. புரதத்தின் மேற்பரப்பிலோ விரிந்த இழையிலோ உள்ள சில அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு சிறு வடிவத்தையே அது பற்றுகிறது. அவ்வடிவம் வேறொரு புரதத்திலும் அமைந்திருந்தால் அங்கும் பற்றும். இரு புரதங்களும் தொழிலால் தொடர்பற்றவையாக இருப்பினும் எதிர்ப்பொருளுக்கு அவ்வேறுபாடு தெரியாது. அதனால் ‘தனித்தன்மை’ எனப்படும் பண்பை எதிர்ப்பொருளின் உள்ளார்ந்த குணமாகக் கொள்வது முழுமையான விளக்கமாகாது. எந்தத் திசுவில், எந்த முறையில், எந்தச் செறிவில், எந்தப் பிற புரதங்களின் நடுவே அது பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே அப்பண்பை மதிப்பிட வேண்டும்.

2. ஏற்பியைக் காண்பதில் உள்ள இடர்ப்பாடு

எரித்ரோபாய்டின் என்பது வளர்ந்தோரின் உடலில் பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கும் இயக்குநீர். எலும்பு மச்சையில் உள்ள முன்னோடிச் செல்களைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குவது அதன் பணி. இவ்வியக்குநீர் வந்து பொருந்தும் இடமே எரித்ரோபாய்டின் ஏற்பி. இவ்வேற்பியின் மரபணு வரிசை 1989-இல் டி ஆண்ட்ரியா, லோடிஷ், வோங் ஆகியோரால் எலிச் செல்களிலிருந்து பிரித்தறியப்பட்டது. மனித ஏற்பி 508 அமினோ அமிலங்களாக உருவாகிறது. அதன் முகப்பிலுள்ள வழிகாட்டித் துணுக்கு நீங்கியபின் 484 அமினோ அமிலங்கள் எஞ்சுகின்றன. இவ்வெண்ணிக்கையிலிருந்து கணக்கிடப்படும் நிறை ஏறத்தாழ 53 கிலோ டால்டன். சர்க்கரைத் தொடர் இணைந்த நிலையில் கூழ்மப் பரப்பில் அது ஏறத்தாழ 59 கிலோ டால்டன் அளவில் காணப்படும்.

இந்த ஏற்பியைக் காண்பது எளிதன்று. முதலாவது, அதன் அளவு மிகக் குறைவு. சிவப்பணு முன்னோடிச் செல் ஒன்றின் மேற்பரப்பில்கூட இவ்வேற்பிகள் பொதுவாக ஆயிரத்திற்கும் குறைவாகவே உள்ளன. செல்லினுள் உருவாகும் ஏற்பிகளிலும் சிறு பகுதியே மேற்பரப்பை அடைகிறது. இரண்டாவது, சவ்வினை ஊடுருவி நிற்கும் புரதங்களைக் கரைத்துப் பிரிப்பது கடினம். கரைக்கும்போது அவற்றின் வடிவம் மாறக்கூடும். மூன்றாவது, முழு ஏற்பியைத் தூய நிலையில் பெறுவது அரிதாதலால் அதன் சிறு பெப்டைடுத் துணுக்கைக் கொண்டே பல எதிர்ப்பொருள்கள் உருவாக்கப்படுகின்றன.

இவ்விடர்ப்பாடு இந்த ஓர் ஏற்பிக்கு மட்டும் உரியதன்று. ஜி-புரத இணைவு ஏற்பிகள் எனப்படும் பெரிய குடும்பத்தைச் சார்ந்த எதிர்ப்பொருள்கள் பலவற்றின் நம்பகத்தன்மை 2009-இல் வெளிப்படையாக ஐயுறப்பட்டது. மஸ்கரினிக் ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட எலிகளின் திசுக்களிலும், அந்த ஏற்பிக்குரியவை என விற்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் அதே சாயத்தைக் காட்டின. இலக்கே இல்லாத இடத்தில் தோன்றும் சாயம் இலக்கினுடையதாக இருக்க இயலாது. அரிதான இலக்கைத் தேடும் எதிர்ப்பொருளுக்கு, மிகுதியாக உள்ள வேறொரு புரதத்தோடு கொண்ட சிறு ஒப்புமையே பெரும் பட்டையாகத் தோன்றப் போதுமானது.

3. மருத்துவ ஆய்வு எழுப்பிய வினா

மரபணுப் பொறியியல்வழி உருவாக்கப்பட்ட எரித்ரோபாய்டின், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பால் நேரும் குருதிச்சோகைக்கு மருந்தாக 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1993-இல் புற்றுநோய்க்கான வேதிச் சிகிச்சையால் நேரும் குருதிச்சோகைக்கும் அதன் பயன்பாடு விரிவாக்கப்பட்டது. குருதி ஏற்றத்தின் தேவையைக் குறைத்த இம்மருந்து, நோயாளரின் உயிர்வாழ்வையும் நீட்டிக்கும் என்ற நம்பிக்கை நிலவியது.

2003-இல் வெளியான இரு மருத்துவ ஆய்வுகள் அந்நம்பிக்கையைக் கலைத்தன. ஹென்கேயும் பிறரும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 351 நோயாளரிடம் மேற்கொண்ட ஆய்வில், எரித்ரோபாய்டின் பெற்றவர்களின் ஹீமோகுளோபின் உயர்ந்தபோதிலும் நோய்க்கட்டுப்பாடு போலி மருந்து பெற்றவர்களைவிட மோசமாக இருந்தது. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 939 பெண்களிடம் நடைபெற்ற மற்றோர் ஆய்வில், ஓராண்டு உயிர்வாழ்வு எரித்ரோபாய்டின் பெற்ற பிரிவில் 70 விழுக்காடாகவும் போலி மருந்துப் பிரிவில் 76 விழுக்காடாகவும் அமைந்தது.

இம்முடிவுகளுக்கு விளக்கம் தேவைப்பட்டது. எளிதில் தோன்றிய விளக்கம், புற்றுச் செல்களிலும் எரித்ரோபாய்டின் ஏற்பி உள்ளது, மருந்து அவ்வேற்பி வழியாகக் கட்டியையே வளர்க்கிறது என்பதாகும். இவ்விளக்கத்திற்குச் சான்றாகக் கூடிய ஆய்வுகள் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்தன. மார்பகப் புற்று முதலிய பல கட்டிகளில் இவ்வேற்பி இருப்பதாக எதிர்ப்பொருள்வழிச் சாயமேற்றம் காட்டியிருந்தது. அவற்றுள் மிகுதியாகக் கையாளப்பட்ட கருவி சி-20 என்னும் பாலிகுளோனல் எதிர்ப்பொருள். மருத்துவ ஆய்வு எழுப்பிய வினாவும் ஆய்வகம் வைத்திருந்த விடையும் ஒன்றோடொன்று பொருந்தின. இவ்வாறு பொருந்தியதே சான்றின் வலுவாகவும் கருதப்பட்டது.

4. சி-20 எதனைப் பற்றியது?

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘பிளட்’ என்னும் குருதியியல் இதழில் எலியட்டும் பிறரும் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். எரித்ரோபாய்டின் ஏற்பிக்குரியவை என விற்கப்பட்ட மூன்று எதிர்ப்பொருள்களை அவர்கள் ஒப்பிட்டனர். வெஸ்டர்ன் பிளாட் முறையில் புரதங்கள் நிறைக்கேற்பப் பிரிக்கப்பட்டு, அதன்பின் எதிர்ப்பொருள் இடப்படுகிறது. அம்முறையில் 59 கிலோ டால்டன் அளவுள்ள ஏற்பியைக் காட்டியது எம்-20 என்னும் எதிர்ப்பொருள் மட்டுமே. சி-20 காட்டிய 66 கிலோ டால்டன் பட்டை ஏற்பியினுடையதன்று. அது வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 எனப்படும் வேறொரு புரதம் என அடையாளம் காணப்பட்டது.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 செல்லின் உள்ளே பிற புரதங்களின் மடிப்பைப் பேணும் துணைப்புரதம். வெப்பம், உயிர்வளிக் குறைவு முதலிய நெருக்கடிகளில் அதன் அளவு பெருகும். புற்றுச் செல்கள் பலவற்றில் அது மிகுதியாகக் காணப்படுகிறது. எரித்ரோபாய்டினோடு பிணைவதோ சவ்வில் ஏற்பியாக நிற்பதோ அதன் தொழிலன்று. ஆனால், சி-20 உருவாக்கப் பயன்பட்ட ஏற்பித் துணுக்கோடு ஒத்த அமினோ அமில வரிசை அதில் இருந்தது. எதிர்ப்பொருள் தன் இயல்பிலிருந்து வழுவவில்லை. தான் அறிந்த வடிவத்தை அது சரியாகவே பற்றியது. பெயரிட்ட ஆய்வாளரே வழுவினார்.

எம்-20 பற்றிய குறிப்பும் கருதத்தக்கது. வெஸ்டர்ன் முறையில் அது பயன்பட்டபோதிலும் திசுச் சாயமேற்றத்திற்கு ஏற்றதாகக் கொள்ளப்படவில்லை. இது முரண்போலத் தோன்றினும் காரணம் எளியது. எம்-20 ஏற்பியோடு வேறு சில புரதங்களையும் பற்றுகிறது. வெஸ்டர்ன் முறையில் நிறை வேறுபாட்டால் பட்டைகள் தனித்தனியே நிற்பதால் 59 கிலோ டால்டன் பட்டையைப் பிரித்தறிய முடிகிறது. திசுவிலோ நிறை பற்றிய செய்தி இல்லை. பற்றப்பட்ட அனைத்தும் ஒரே நிறமாகத் தெரியும். ஆதலின், ஒரு முறையில் தகுதி பெற்ற எதிர்ப்பொருள் மற்றொரு முறையிலும் தகுதியுடையது எனக் கொள்ள இயலாது.

எதிர்ப்பொருளின் தகுதியை நிறுவ அக்காலத்தில் பெரிதும் கையாளப்பட்ட பெப்டைடுத் தடுப்புச் சோதனையின் குறைபாடும் இங்குப் புலனாகிறது. எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட அதே துணுக்கை மிகுதியாகக் கலந்தால், எதிர்ப்பொருளின் பற்றுமிடங்கள் நிரம்பிவிடும், பட்டை மறையும். பட்டை மறைந்ததால் அது இலக்கினுடையதே என முடிவு செய்யப்பட்டது. ஆனால், துணுக்கோடு ஒத்த வரிசையுடைய வேறொரு புரதத்தின் பட்டையும் இச்சோதனையில் அவ்வாறே மறையும். எனவே, எதிர்ப்பொருள் தன் துணுக்கைப் பற்றும் என்பதை மட்டுமே இச்சோதனை மெய்ப்பிக்கிறது. அது எவராலும் ஐயுறப்படாத ஒன்று.

5. பெயர் நீங்கியபின் எஞ்சும் தரவு

அதே 2006-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஹென்கேயும் பிறரும் தம் முந்தைய ஆய்வின் தொடர்ச்சியை வெளியிட்டனர். 351 நோயாளருள் 154 பேரின் புற்றுத் திசுக்களை அவர்கள் சி-20 கொண்டு சோதித்தனர். 104 பேரின் திசுக்கள் சாயமேற்றன. சாயமேற்ற பிரிவில் எரித்ரோபாய்டின் பெற்றவர்களுக்கு நோய் முற்றும் இடர் போலி மருந்து பெற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சாயமேற்காத பிரிவில் அத்தகைய வேறுபாடு இல்லை. புற்றுச் செல்களின் ஏற்பியே எதிர்பாராத மருத்துவ விளைவுக்குக் காரணமாகலாம் என்பது அக்கட்டுரை முன்வைத்த கருத்து.

திறனாய்வு இவ்விடத்தில் நிதானத்தோடு செல்லவேண்டும். சி-20 ஏற்பியைக் காட்டவில்லை எனில் இத்தரவு முழுவதும் பயனற்றது எனக் கூறிவிடலாமா? கூற இயலாது. திசுக்கள் சாயமேற்றது உண்மை. சாயமேற்றவர்க்கும் ஏற்காதவர்க்கும் இடையே மருந்தின் விளைவில் வேறுபாடு பதிவானதும் உண்மை. நிலைகுலைவது, அச்சாயத்திற்கு இடப்பட்ட ‘எரித்ரோபாய்டின் ஏற்பி’ என்னும் பெயரே. பெயர் நீங்கியபின் எஞ்சுவது, ‘சி-20 பற்றும் ஏதோ ஒன்று மிகுந்திருந்த கட்டிகளில் மருந்து தீங்கு செய்ததாகக் காணப்பட்டது’ என்னும் தொடர். அந்த ‘ஏதோ ஒன்று’ செல்லின் நெருக்கடி நிலையைக் காட்டும் புரதமாக இருக்கலாம். பல புரதங்களின் கூட்டாகவும் இருக்கலாம். விளக்கமாக முன்வைக்கப்பட்டது மீண்டும் வினாவாக மாறியது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே வெளியான ஒப்பீடு இவ்வினாவை எழுப்பப் போதுமானதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மறுபுறமும் உண்டு. எதிர்ப்பொருளின் தோல்வியைக் காட்டி மருந்தின் தீங்கினை மறுக்க இயலாது. 2003-இன் இரு ஆய்வுகளும் நோயாளரின் நோய்நிலையையும் இறப்பையும் அளந்தவை. அவை எந்த எதிர்ப்பொருளையும் சார்ந்தவை அல்ல. தீங்கின் வழிமுறை தெரியவில்லை என்பதால் தீங்கு இல்லை என்றாகாது. 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. மருத்துவத் தரவும் ஆய்வகத் தரவும் வேறு வேறு அடித்தளங்களில் நிற்பவை என்பதை உணர்ந்தாலன்றி, ஒன்றின் வீழ்ச்சியை மற்றதன் வீழ்ச்சியாகக் கொள்ளும் பிழை நேரும்.

6. மறுத்தவர் யார் என்னும் வினா

சி-20 குறித்த மறுப்பை வெளியிட்ட ஆய்வாளர்கள், எரித்ரோபாய்டினை மருந்தாக விற்ற ஆம்ஜென் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள். புற்றுச் செல்களில் ஏற்பி இல்லை என்ற முடிவு அந்நிறுவனத்தின் வணிக நலனுக்கு உகந்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் ஏ82 என்னும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை உருவாக்கி, மனிதப் புற்றுச் செல்வழிகளில் செயல்படும் ஏற்பி காணப்படவில்லை என்றும் எழுதினர்.

ஆய்வாளரின் நலன் முரண்பாட்டை வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஆனால், அதுவே முடிவைப் புறந்தள்ளும் காரணமாக இயலாது. 59 என்னும் எண்ணும் ஒத்த வரிசையும் எந்த ஆய்வகத்திலும் சோதிக்கக்கூடியவை. சோதிக்கத்தக்க கூற்றுக்குக் கூறியவரின் நலன் ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதே வேளையில், ‘இந்த எதிர்ப்பொருள் ஏற்பியைக் காட்டவில்லை’ என்பதும் ‘ஏற்பி இல்லை’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது கருவியைப் பற்றியது. பின்னது உலகைப் பற்றியது. எத்துணை நுண்ணிய கருவிக்கும் ஒரு கீழெல்லை உண்டு. அவ்வெல்லைக்குக் கீழே இருப்பதை இன்மை எனக் கூறுவதற்கு, எவ்வளவு குறைந்த அளவு வரை அக்கருவி காட்டும் என்ற அளவீடு உடன்வர வேண்டும். இருப்பை அவசரமாக நிறுவியவர்களிடம் கேட்கப்பட்ட அதே வினா இன்மையை நிறுவுவோரிடமும் கேட்கப்பட வேண்டும்.

7. சரிபார்ப்பு நெறிகள்

இத்தகைய நிகழ்வுகள் பெருகியதன் விளைவாக, எதிர்ப்பொருள் சரிபார்ப்புக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2016-இல் ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) இலக்கின் மரபணுவை நீக்கியோ அதன் வெளிப்பாட்டைக் குறைத்தோ பார்த்தல். இலக்கு மறையும்போது சாயமும் மறைய வேண்டும்.

ஆ) எதிர்ப்பொருளைச் சாராத வேறொரு முறையில் இலக்கின் அளவைக் கணித்து, பல மாதிரிகளில் இரு அளவுகளும் ஒத்துச்செல்கின்றனவா எனக் காணல்.

இ) அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளோடு ஒப்பிடல்.

ஈ) இலக்குப் புரதத்தில் ஓர் அடையாளக்குறியை இணைத்து, எதிர்ப்பொருளின் சாயமும் குறியின் இருப்பும் பொருந்துகின்றனவா எனக் காணல்.

உ) எதிர்ப்பொருள் பற்றியெடுத்த புரதத்தை நிறை நிறமாலையியல் மூலம் அடையாளம் காணல்.

இவ்வைந்தும் வெவ்வேறு வலிமையுடையன. முதலாவது, இலக்கு இல்லாத இடத்தில் கருவி என்ன செய்கிறது என வினவுகிறது. ஐந்தாவது, பற்றப்பட்டது எது என நேரடியாக வினவுகிறது. பெப்டைடுத் தடுப்புச் சோதனை இவ்வைந்தனுள் இடம்பெறவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இந்நெறிகள் தேவையானவை என்பதை 2023-இல் வெளியான ஒரு பேரளவு ஒப்பீடு உறுதிசெய்தது. நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்காக விற்கப்பட்ட 614 எதிர்ப்பொருள்கள், இலக்கு மரபணு நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. தம் இலக்கைப் பற்றத் தவறிய எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்திய வெளியீடுகள், ஒரு புரதத்திற்குச் சராசரியாகப் பன்னிரண்டு என்ற அளவில் இருந்தன. விற்பனை நிறுவனங்கள் தவறிய எதிர்ப்பொருள்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கின. வேறு சிலவற்றின் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றின. சி-20 ஒரு விதிவிலக்கு என்ற ஆறுதலுக்கு இத்தரவு இடமளிக்கவில்லை.

8. தொகைச்சொல் மறைத்த வேற்றுமை

இச்சிக்கலைத் தமிழில் எழுதும்போது சொல்லமைப்பே ஒரு திறப்பைத் தருகிறது. ‘ஆன்டிபாடி’ என்பதற்குத் தமிழகத்தில் ‘எதிர்ப்பொருள்’ என்றும், இலங்கையில் ‘பிறபொருளெதிரி’ என்றும் வழங்குவர். இரண்டும் உடலின் தற்காப்பை மனங்கொண்டு பிறந்த சொற்கள். ஆய்வகப் புட்டியிலுள்ள எதிர்ப்பொருள் எதனையும் எதிர்ப்பதில்லை. சுட்டுவது மட்டுமே அதன் வேலை. எனினும், பிறபொருளெதிரி என்ற சொல் ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. மனித ஏற்பியின் துணுக்கு முயலுக்குப் பிறபொருள். அப்பிறபொருளை எதிர்த்துத் தோன்றியது அம்மூலக்கூறு. ஆகவே இச்சொல் எதிர்ப்பொருளின் பிறப்பைக் கூறுகிறது. அது மனிதத் திசுவில் எதனைப் பற்றும் என்பதைக் கூறவில்லை.

‘எரித்ரோபாய்டின் ஏற்பி எதிர்ப்பொருள்’ என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இதனை விரிக்கும்போது இரு பொருள்கள் கிடைக்கின்றன. ‘ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள்’ என விரித்தால் அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘ஏற்பித் துணுக்கால் தூண்டப்பட்ட எதிர்ப்பொருள்’ என விரித்தால் அது மூன்றாம் வேற்றுமைத் தொகை. சி-20 மூன்றாம் வேற்றுமைப் பொருளில் ஐயத்திற்கு இடமின்றி ஏற்பி எதிர்ப்பொருளே. இரண்டாம் வேற்றுமைப் பொருளில் அது அப்பெயருக்கு உரியதா என்பது ஒவ்வொரு திசுவிலும் ஒவ்வொரு முறையிலும் நிறுவப்பட வேண்டியது. விற்பனைப் பட்டியலில் உள்ள பெயர் மூன்றாம் வேற்றுமையைச் சான்றாக வைத்துக்கொண்டு இரண்டாம் வேற்றுமையை வாக்களிக்கிறது. எரித்ரோபாய்டின் விவாதத்தின் பெரும்பகுதி, தொக்கு நின்ற இவ்வுருபை எவ்வாறு விரிப்பது என்பதில் அடங்கும் எனலாம்.

வினைச்சொல்லிலும் இதே கவனம் தேவை. ‘எதிர்ப்பொருள் ஏற்பியைக் கண்டறிந்தது’ என எழுதும்போது, அறிதலின் எழுவாயாக எதிர்ப்பொருள் நிற்கிறது. எதிர்ப்பொருளுக்கு அறிதல் இல்லை; பிணைதல் மட்டுமே உண்டு. கண்டறிபவர் ஆய்வாளர். ‘எதிர்ப்பொருள் 66 கிலோ டால்டன் அளவுள்ள புரதத்தோடு பிணைந்தது, இன்ன கட்டுப்பாட்டுச் சோதனைகளால் அப்புரதம் இன்னது எனக் கொள்ளப்பட்டது’ என்னும் தொடர் நீளமானது. ஆனால், எவ்விடத்தில் தவறு நேரக்கூடும் என்பதை அது வாசகருக்குக் காட்டிவிடுகிறது. அறிவியல் தமிழ் நூல்களும் மொழிபெயர்ப்புகளும் சுருக்கம் கருதி முதல் தொடரையே கையாளும்போது, மூலக் கட்டுரையில் ஐயமாக இருந்ததும் தமிழில் உறுதியாகிவிடக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

எதிர்ப்பொருள் காட்டுவது பிணைப்பை மட்டுமே. பிணைந்த புரதத்தின் பெயர், கட்டுப்பாட்டுச் சோதனைகளால் ஆய்வாளர் ஈட்ட வேண்டிய முடிவு.

சி-20 எதிர்ப்பொருள் காட்டிய 66 கிலோ டால்டன் பட்டை வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என அறியப்பட்டபின், புற்றுத் திசுக்களில் எரித்ரோபாய்டின் ஏற்பி உள்ளது என்ற முடிவுகளுள் அவ்வெதிர்ப்பொருளைச் சார்ந்தவை தம் பெயரை இழந்தன. ஆயினும், பதிவான சாயமும் நோயாளரிடம் கண்ட தீங்கும் தரவுகளாக எஞ்சி விளக்கத்தை வேண்டி நிற்கின்றன.

ஒரு முறையில் தகுதிபெற்ற எதிர்ப்பொருள் மற்றொரு முறைக்குத் தானே தகுதிபெறாது. செல் சவ்வு ஏற்பிகள் அளவில் அரியன ஆதலால் அவற்றின் எதிர்ப்பொருள்களுக்கு இக்கட்டுப்பாடு மேலும் இன்றியமையாதது. ஏற்பியின் இருப்பைக் கூறுவோர்க்கும் இன்மையைக் கூறுவோர்க்கும் சான்றின் கடமை ஒன்றே.

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் தொகைச்சொல்லில் மறைந்த வேற்றுமையை விரித்தும், பிணைதல், கண்டறிதல் ஆகிய வினைகளை வேறுபடுத்தியும் எழுதுவது நடை சார்ந்த விருப்பம் மட்டுமன்று. சான்று எங்கே முடிகிறது, முடிவு எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் காண்பதற்கு அதுவே வழி. புற்றுத் திசுவில் தோன்றிய ஒரு பட்டையை நோயாளரின் மருந்துச்சீட்டோடு இணைக்கும் துறையில் இவ்வேறுபாடு பேணப்படுவது கட்டாயமாகும்.